இரண்டு பாரத்துக்கு மூன்று பேர் குறைவு

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம், ஜவ்வாது மலை அடிவாரத்து டீக்கடையில், தான் செத்துப்போய்விட்டதாகவும், அதற்காக ஒரு சர்க்கார் ஆபீசே எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனம் காத்ததாகவும், அந்த மௌனத்தில் தானும் மரியாதையாகக் கலந்துகொண்டதாகவும் கண்ணாயிரம் சொன்னார். சொல்லிவிட்டு, டீயில் சர்க்கரை கம்மி என்றார்.

கடையில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் தலையாட்டினார்கள். அவர்கள் மலைக்காரர்கள். சர்க்கார் எதையும் செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆறாவது ஆள் போளூர் பஸ் கண்டக்டர் தங்கவேல். மலையில் பெண் எடுத்தவர், அதனால் மலையிலிருந்து இறங்குகிற அத்தனை ஆம்பளையும் அவருக்கு மாமா.

"இன்னா மாமா, காலைலயே ஏத்திக்கினியா?"

"டீதாண்டா குடிக்கிறேன்."

"நானும் காக்கி போட்டவன் மாமா. கவர்ன்மெண்ட்டுக்கு மூளை கீது. உசுரோட கீற ஆளுக்கு எந்த ஆபீஸ்ல எழுந்து நிப்பாங்க?"

"புஸ்தகத்துல முப்பத்திரண்டாம் பக்கம் பாரு. அங்கதான் கெடக்கறேன்."

"நெசம்னு காட்டு. ஆயுசு பூரா உனக்கு ஓசி டிக்கெட்டு."

"செத்தவனுக்கு டிக்கெட் எதுக்குடா?" என்றார் கண்ணாயிரம். கடை சிரித்தது. தங்கவேல் சிரிக்காமல் பஸ்ஸுக்குப் போனார்.

நடந்தது இதுதான்.

கண்ணாயிரம் தபால் ரன்னர். மலைமேல் இருக்கிற பெரும்பள்ளத்திலிருந்து ஒன்பது மைல் இறங்கிப் பையை வாங்கிக்கொண்டு ஒன்பது மைல் ஏறுவார். பாதைக்குப் பன்னிரண்டு வளைவு. ஒரு ஆள் போகலாம், ஒரு ஆடு போகலாம், இரண்டும் எதிரெதிரே வந்தால் ஆடுதான் போகும். மலையில் யாருக்காவது முடியவில்லை என்றால் மூங்கிலில் போர்வையைக் கட்டி, அதில் ஆளைப் போட்டு, முன்னால் இரண்டு பேர் பின்னால் இரண்டு பேராகத் தூக்கி இறக்குவார்கள். டோலி என்று பேர். அடிவாரத்தில் பஸ் பிடித்தால் போளூர் ஆஸ்பத்திரி. டோலிகள் இறங்குவதைக் கண்ணாயிரம் பார்ப்பார். பாதி வழியில் அவை திரும்பி ஏறுவதையும் பார்ப்பார். திரும்புகிற டோலியில் போர்வை முகத்தையும் சேர்த்து மூடியிருக்கும். பையை இறக்கி வைத்துவிட்டு ஒரு நோட்டில் பேரையும் வளைவையும் எழுதிக்கொள்வார். பன்னிரண்டு வருஷத்தில் இருபத்தொன்பது பேர்.

ஜீப் போகிற அகலத்துக்குப் பாதை வேண்டும் என்று பதினான்கு மனு போட்டார். பதினான்காவது மனுவுக்குப் பதில் வந்தது: "கையால் எழுதிய மனுக்கள் பரிசீலிக்கப்படமாட்டா. அச்சிட்ட புத்தக வடிவில் ஆதாரம் சமர்ப்பித்தால் மலைப்பாதைக் குழு கவனிக்கும்."

அப்போது ஆடி மாதம். அவருடைய ஒரே மகள் அம்மாக்கண்ணு முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம், மாசியில். மாசிக்குள் பாதை வந்தாக வேண்டும். கண்ணாயிரம் இரண்டு மூட்டை புளியை விற்றுவிட்டு, போளூரில் அச்சாபீஸ் வைத்திருந்த கோபால்சாமியிடம் போனார்.

"மிஷின் கீது, எழுத்து கீது, மை கீது," என்றார் கோபால்சாமி. "காகிதம்தான் இல்ல. நாடு பூராத் தட்டுப்பாடு. நீ உன் சொந்தக் காசுல புஸ்தகம் போட்டாலும் வாரியம் வடிவம் பார்த்து முத்திரை குத்தணும். அப்பதான் காகிதம்."

வாரியத்தின் முழுப்பேர் சொந்த வெளியீட்டு நூல் வடிவ ஒழுங்கு வாரியம். போளூர்க் கிளை ஒரு உரக்கடையின் மாடியில் இருந்தது. வடிவ அலுவலர் சக்கரவர்த்தி கழுத்தில் தாலிக்கயிறு மாதிரி ஒரு கயிறு போட்டு அதில் இரும்பு ஸ்கேல் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். குளிக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்று பேச்சு.

கண்ணாயிரம் நோட்டை நீட்டினார். சக்கரவர்த்தி ஒரு வரிகூடப் படிக்காமல் ஸ்கேலை வைத்தார்.

"நான் படிக்கமாட்டேன். படிச்சா பாரபட்சம் வந்துடும். அளப்பேன்."

அளந்தார். முகம் கறுத்தது.

"ஓரமே இல்லையே?"

"நோட்டு தீர்ந்துடும்னு இடம் விடாம எழுதிட்டேங்க."

"புத்தகம்னா என்னன்னு நினைச்சீங்க? நாலு பக்கமும் வெள்ளை, நடுவுல கொஞ்சம் கறுப்பு. கறுப்பு உங்க இஷ்டம். வெள்ளை சர்க்கார் பொறுப்பு. தைக்கிற பக்கம் முக்கால் அங்குலம், வெளிப்பக்கம் அரை அங்குலம். போய் மறுபடி எழுதிக்கிட்டு வாங்க."

கண்ணாயிரம் ஒன்பது மைல் ஏறி, இருபத்தொன்பது பேரையும் ஓரத்திலிருந்து முக்கால் அங்குலம் தள்ளிப் படுக்கவைத்து, ஒன்பது மைல் இறங்கிவந்தார்.

ஓரம் தேறியது. வரி தேறவில்லை. பக்கத்துக்கு இருபத்துநாலு வரி, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கெங்கம்மாள் எழுபத்தைந்து வயசு வாழ்ந்து ஒன்பதாவது வளைவில் போனவள், நாற்பது வரி வந்திருந்தாள். பதினாறு வரியை வெட்டியதில் அவளுடைய முதல் புருஷனும், இரண்டு கறவை மாடும், ஒரு தடவை திருவண்ணாமலை போய்வந்ததும் போயின. முனியனின் ஆண்குழந்தை பிறந்து இரண்டு மணி நேரம் இருந்தது, பேர்கூட வைக்கவில்லை. அதற்கு மூன்று வரிதான்.

"மூணு வரியில முடிச்சா மிச்சம் இருபத்தோரு வரி காகிதம் யார் வீட்டுது?" என்று கேட்டார் சக்கரவர்த்தி. "இதைத்தான் ஊதாரித்தனம்னு சொல்றது."

கண்ணாயிரம் ஊருக்குப் போய் யோசித்தார். இரண்டு மணி நேரத்தை எவ்வளவு இழுத்தாலும் இருபத்துநாலு வரிக்கு வரவில்லை. அதனால் மேற்கொண்டு எழுதினார். பையன் நடந்தான். ஆடு மேய்த்தான். ஐந்தாவது படித்தான். சாமைக் கொல்லையில் காட்டுப்பன்றியைத் துரத்தினான். இருபத்துநாலாவது வரியில் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. சக்கரவர்த்தி அளந்து பார்த்துத் திருப்தி என்றார். விஷயம் கேள்விப்பட்ட முனியன், அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படிக்கச்சொல்லிக் கேட்டான்.

"பொண்ணு எந்த ஊருன்னு எழுதலையே மாமா?"

"வரி முடிஞ்சுபோச்சு முனியா."

"சரி, பரவால்ல," என்று முனியன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான்.

இதற்குள் புரட்டாசி வந்துவிட்டது. நாலாவது தடவையாகக் கண்ணாயிரம் உரக்கடை மாடி ஏறினார். சக்கரவர்த்தி பக்கங்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். எழுந்து ஜன்னலை மூடினார்.

"இருபத்தொன்பதா?"

"ஆமாங்க. ஆளுக்கு ஒரு பக்கம்."

"ஒரு பெரிய தாளை மடிச்சா பதினாறு பக்கம். அதுதான் ஒரு பாரம். புத்தகம் பாரம் பாரமாத்தான் வரும். உங்களுக்கு ரெண்டு பாரம், முப்பத்திரண்டு பக்கம். மூணு பக்கம் வெறுமையா நிக்குது. தட்டுப்பாடு காலத்துல சர்க்கார் காகிதத்தில் வெற்றுப் பக்கமா? என்னை ஆடிட்ல வறுத்து எடுத்துடுவாங்க."

"இன்னாங்க பண்றது?"

"பதிமூணு பேரை எடுத்துடுங்க. ஒரே பாரத்துல அடங்கிடும். எடுப்பா இருக்கும்."

"எந்தப் பதிமூணு பேருங்க?"

"அது உள்ளடக்கம். உள்ளடக்கத்துல வாரியம் தலையிடாது." சக்கரவர்த்தி கறாராகச் சொன்னார். கொஞ்சம் இரங்கி, "இல்லேன்னா பொறுங்க. ஐப்பசி வருது. மலையில மழை நல்லாப் பெய்யுமாமே?" என்றார்.

மழை நல்லாப் பெய்தது. ஐப்பசியில் ரங்கன் என்கிறவனைக் காய்ச்சலோடு தூக்கினார்கள், நாலாவது வளைவோடு சரி. கார்த்திகையில் வெள்ளையம்மாளைப் பாம்பு கடித்தது. அவள் பதினோராவது வளைவுவரை வந்தாள், அங்கிருந்து பார்த்தால் பஸ் தெரியும். இரண்டு பக்கத்தையும் கண்ணாயிரம் ஓரம் விட்டு, இருபத்துநாலு வரிக்கு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். சக்கரவர்த்தி பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதினார்: முன்னேற்றம் திருப்திகரம்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. இவ்வளவு தூரம் வந்துட்டு விட்டுடாதீங்க," என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

பெரும்பள்ளத்தில் ஆளை ஆள் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. ஒருத்தர் இருமினால் இன்னொருத்தர் கண்ணாயிரத்தைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில் செல்லம்மா என்கிற எண்பது வயசுக் கிழவி முன்வந்தாள். "என்னைத் தூக்கிக்கினு போங்கடா. குலுங்குற குலுங்குல வழியில போய்டறேன். புள்ளைத்தாச்சி வரப்போற ஊருல அந்தப் பக்கம் காலியாக் கெடக்க வாணாம்." நாலு பேர் தூக்கினார்கள். பன்னிரண்டு வளைவும் குலுங்கி இறங்கிய கிழவிக்கு நல்ல பசி எடுத்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று பஸ் ஏற்றிப் போளூரில் எட்டு இட்லி வாங்கிக்கொடுத்தார்கள். திரும்பும்போது டோலி வேண்டாம் என்று நடந்தே ஏறினாள். அதற்குப் பிறகு அவளுக்கு மூட்டுவலியும் போய்விட்டது.

மார்கழியில் அம்மாக்கண்ணு பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தாள். கட்டிவைத்திருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கடைசித் தாளில் ஓரம் கோடு போட்டிருந்தது, மேலே 32 என்று இருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

"இது யாருக்குப்பா?"

"யாருக்கும் இல்லம்மா."

"அப்ப கிழிச்சுடு."

"கிழிச்சா முப்பத்தொண்ணு. வாரியம் ஒத்துக்காது."

அம்மாக்கண்ணு வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாயிரத்தால் அதைத் தாங்க முடியவில்லை. தாளைப் பிடுங்கிக்கொண்டு போய், புளியமரத்தடியில் உட்கார்ந்து, மத்தியானத்துக்குள் எழுதி முடித்தார். கண்ணாயிரம், தபால் ரன்னர், வயது ஐம்பத்திரண்டு, பையோடு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏழாவது வளைவில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருபத்துநாலு வரிக்குக் கச்சிதமாக வந்தது. அவ்வளவுதானா என்று அவருக்கே கொஞ்சம் வருத்தம்.

சக்கரவர்த்தி அந்தப் பக்கத்தை அளக்கும்போது கண் தவறிப் பேரில் விழுந்துவிட்டது.

"மன்னிக்கணும், படிச்சுட்டேன். இது நீங்கதானே?"

"ஆமாங்க."

"எப்போ தவறினீங்க?"

"போன புதங்கிழமைங்க."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?" என்று சக்கரவர்த்தி நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு எழுந்து நின்றார். டைப்பிஸ்டு எழுந்தார். டீ கொண்டுவந்த பியூன் டம்ளரோடு நின்றான். ஒரு நிமிஷம் மௌனம். மற்றவர்கள் நிற்கும்போது தான்மட்டும் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று கண்ணாயிரமும் எழுந்து, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"இனிமே நீங்க இங்க பேசக் கூடாது," என்றார் சக்கரவர்த்தி மௌனம் முடிந்ததும். "இறந்தவர் மனு கொடுக்க விதியில் இடமில்லை. ஆனா கவலைப்படாதீங்க. மறைந்த ஆசிரியர்னா முன்னுரிமை வரிசை. உயிரோட இருக்கிற ஆசிரியருங்கதான் வந்து வந்து தொந்தரவு பண்ணுவாங்க. வாரிசு கையெழுத்து மட்டும் போதும்."

வாரிசு படிவத்தை வாரிசு வீட்டுக்குக் கொண்டுபோனதும் கண்ணாயிரம்தான். தபால் இலாகா வேறு இலாகா, அங்கே அவர் இன்னும் உயிரோடுதான் இருந்தார்.

"நீ செத்துட்டன்னு நான் கையெழுத்துப் போடணுமா?" என்றாள் அம்மாக்கண்ணு.

"வெறுங் காகிதம்தாம்மா."

"அந்தப் பக்கமும் வெறுங் காகிதம்தானேப்பா. அதுக்கு மட்டும் இன்னாத்துக்குப் பயந்த?"

கண்ணாயிரம் மசிப்புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

பொங்கல் கழித்துப் புத்தகம் வந்தது. முந்நூறு பிரதி, மெல்லிய அட்டை. வெளியீட்டு விழாவை வாரியமே நடத்தியது. ஆசிரியர் படத்துக்கு மாலை போட வேண்டும், படம் இல்லாததால் ஆசிரியரையே மேஜை ஓரத்தில் நிறுத்தி மாலை போட்டார்கள். சக்கரவர்த்தி பேசினார்.

"இந்த நூலை நான் படித்ததில்லை. படிக்கவேண்டிய அவசியமும் இல்லை. புரட்டிப் பாருங்கள், உள் ஓரம் முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு மயிரிழை பிசகவில்லை. முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் வீணில்லை! இந்த வட்டாரத்து மக்களின் ஒத்துழைப்பு இல்லாமல் இது சாத்தியமே இல்லை. உரிய காலத்தில், உரிய எண்ணிக்கையில் அவர்கள் உதவினார்கள். மறைந்த ஆசிரியர் கடைசிப் பக்கத்துக்குத் தம்மையே தந்தார். மற்ற வட்டாரத்து எழுத்தாளர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்."

கை தட்டினார்கள். இந்த விழா முடிந்த மறுநாள்தான் கண்ணாயிரம் டீக்கடையில் அந்தப் பெருமையை அவிழ்த்துவிட்டது, தங்கவேல் நம்பாமல் போனது.

தை கடைசியில் மலைப்பாதைக் குழுவின் பதில் வந்தது. உறைமேல் "மறைந்த திரு. கண்ணாயிரம் அவர்களின் வாரிசு" என்று போட்டிருந்தது. கண்ணாயிரமே அதைப் பையில் சுமந்து ஏறி, தன் வீட்டு வாசலில் நின்று, தபால் என்று குரல் கொடுத்தார். உள்ளே இருந்தது நாலு வரி: "தங்கள் வெளியீடு பெறப்பட்டது. வடிவம் பாராட்டத்தக்கது. மூன்று பாரத்துக்குக் குறைந்தவை விதிப்படி துண்டுப் பிரசுரம் ஆகும், புத்தகம் ஆகா. நாற்பத்தெட்டுப் பக்கம் கொண்ட இரண்டாம் பதிப்பு வந்ததும் ஜீப் பாதை குறித்துப் பரிசீலிக்கப்படும்."

மாசி எட்டாம் தேதி காலையில் அம்மாக்கண்ணுவுக்கு வலி எடுத்தது. கால் முதலில் தெரிந்தது. நாலு பேர் தூக்கினார்கள், முனியன் முன்கம்பில். கண்ணாயிரம் பை இல்லாமல் அந்தப் பாதையில் இறங்கியது அன்றுதான். போர்வைக்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், ஒற்றையடிப் பாதையில் அதற்கு இடமில்லை, அதனால் பள்ளத்து ஓரமாகக் கல்லில் கால் வைத்து வைத்து வந்தார். எட்டாவது வளைவில் டோலியை இறக்கும்படி ஆயிற்று. பெண்குழந்தை. அழவில்லை. முனியன்தான் அதை வேட்டித் துணியில் சுற்றினான். தூக்கினவர்கள் கண்ணாயிரத்தின் முகத்தைப் பார்த்தார்கள். மகளின் முகத்தை மூடாதே, மூடாதே என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். மூடவில்லை. போளூர் ஆஸ்பத்திரியில் அம்மாக்கண்ணு பிழைத்துக்கொண்டாள். பேச்சுதான் நின்றுபோயிற்று.

அதற்கப்புறம் கண்ணாயிரம் நோட்டில் எதையும் எழுதவில்லை. டீக்கடையில் பெருமையும் பேசவில்லை. பையை வாங்குவார், ஏறுவார்.

பங்குனியில் ஒரு நாள் காலை பஸ்ஸிலிருந்து சக்கரவர்த்தி இறங்கினார். கழுத்தில் ஸ்கேல், கக்கத்தில் தோல்பை. நேரே டீக்கடைக்கு வந்து கண்ணாயிரத்தின் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்களால பேச முடியாதுன்னு தெரியும். கேட்டுக்கிட்டா போதும்," என்றார். "இரண்டாம் பதிப்புக்கு எனக்கு மேலிடத்து உத்தரவு. பக்கம் முப்பத்திமூணு உங்க வீட்டுலயே தயாரா இருக்கிறதா கேள்விப்பட்டேன். வாரியத்தின் மகிழ்ச்சி... வருத்தம். இந்தத் தடவை உங்களை அலைய விடமாட்டேன். ஓரம் அடிச்சு, எண் போட்டு, பதினாறு தாளும் நானே கொண்டுவந்திருக்கேன். மலையேறி யார் யார் எப்படி இருக்காங்கன்னு ஒரு கணக்கெடுப்பு எடுத்துட்டா பதிப்பு எப்போ முடியும்னு தோராயமாச் சொல்லிடலாம்."

கண்ணாயிரம் தாள்களை வாங்கவில்லை. சக்கரவர்த்தி அவற்றைப் பெஞ்சின்மேல் வைத்தார்.

"பதினஞ்சுதான் இருக்கும், எண்ணிக்குங்க. ஒண்ணு பஸ்லயே முன்பதிவு ஆயிடுச்சு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பன்னிரண்டாவது வளைவை நோக்கி நடந்தார். நல்ல உற்சாகமான நடை.

பஸ் கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். தங்கவேல் படிக்கட்டில் நின்றுகொண்டே இருந்தார், விசில் ஊதவில்லை. பிறகு இறங்கி வந்தார். கையில் ஒரு தாள். நாலு பக்கமும் சிவப்புக் கோடு, மேலே 34.

"நல்லாத்தான் பேசிக்கினு வந்தான் மாமா," என்றார். "பொண்டாட்டி எந்த ஊருன்னான். மேல தாய் வூட்டுக்குப் போய்க் கீறா, ஏழு மாசம்னு சொன்னேன். ரொம்ப சந்தோசம்னு சொல்லிட்டு இத்த என் கையில குடுத்தான். திரௌபதின்னு பேரைக் கேட்டு டைரில குறிச்சுக்கினான்."

தங்கவேல் காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"மாமா, இதுல என் பேரை எழுதிடட்டா?"

"நான் எழுதிப் பார்த்தேண்டா," என்றார் கண்ணாயிரம்.

ஹாரன் மறுபடி அடித்தது. தங்கவேல் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். தாளை மடிக்கவும் தெரியாமல், கிழிக்கவும் தெரியாமல் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு சொன்னார்:

"நீ செத்தது நெசந்தான் மாமா."